வாசகர் கேள்வி–பதில்: மூக்குக்கு எட்டாத வாயு லேசருக்கு எட்டுமா?

லேசரையும் ஆப்டிகல் ஃபைபரையும் (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை) வைத்துக் காற்றில் உள்ள வாயுக்களை அளப்பது பற்றிப் போன இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, இந்த இதழுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

*வெளிச்சம் கண்ணாடிக்கு உள்ளே ஓடுகிறது, வாயு வெளியே இருக்கிறது. இரண்டும் சந்திக்காமல் எப்படி அளக்க முடியும்? (உசிலம்பட்டியிலிருந்து பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்)*

சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி. பெரும்பாலான கருவிகளில் ஃபைபர் எதையும் அளப்பதில்லை, வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது மட்டும்தான் அதன் வேலை. அளக்க வேண்டிய இடத்தில் விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குழாய் இருக்கும், காற்று புகுந்து வெளியேற அதன் பக்கத்தில் நுண்துளைச் சல்லடை. மஞ்சள் உறை போட்ட மெல்லிய ஃபைபர் ஒரு முனையில் வந்து முடியும், அங்கே ஒரு சின்ன லென்ஸ் வெளிச்சத்தை நேராக்கி அனுப்ப, அது சில சென்டிமீட்டர் வெறுங்காற்றைத் தாண்டி எதிர் லென்ஸில் ஏறி இன்னொரு ஃபைபர் வழியாகத் திரும்பும். அந்த இடைவெளியில்தான் வெளிச்சமும் வாயுவும் சந்திக்கின்றன. லேசர், மின்சாரம், கணினி எல்லாம் தூரத்தில் ஓர் அறையில் இருந்துகொள்ளும், வாயு இருக்கும் இடத்தில் ஒரு பொறிகூடப் பறக்க வழியில்லை.

சந்தித்தால் என்ன நடக்கும்? ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று உள்ள சில அலைநீளங்களை, அதாவது ஒளியின் சில நிறங்களை மட்டும் விழுங்கும். மீத்தேனுக்கு 1653.7 நானோமீட்டர், அசிட்டிலீனுக்கு 1530-க்கு அருகில், அம்மோனியாவுக்கு 1512-க்கு அருகில், ஆக்சிஜனுக்கு 760-க்கு அருகில். சூரிய ஒளியைப் பிரித்து அதில் கருங்கோடுகளை ஃபிரான்ஹோஃபர் 1814-ல் வரிசைப்படுத்தினாரே, அவற்றில் ஒன்று இந்த 760 நானோமீட்டர் கோடு. அது சூரியனில் உண்டானதே இல்லை, நம் தலைக்கு மேலே உள்ள ஆக்சிஜன் விழுங்கிய தடம். வாயுக்கள் வெப்பக் கதிரை விழுங்குவதை 1859-ல் ஜான் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். அந்த அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை, விளக்குக்குப் பதில் லேசர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

லேசரின் சிறப்பு என்னவென்றால், அதற்குக் கொடுக்கும் மின்னோட்டத்தை லேசாகக் கூட்டிக் குறைத்தாலே அலைநீளமும் கூடவே நகரும். 1653.7-க்குச் சற்று இந்தப் பக்கம் தொடங்கி, கோட்டைக் கடந்து, அந்தப் பக்கம் போய் நிற்க வைக்கலாம். லென்ஸில் தூசி படிந்தால் எல்லா அலைநீளத்திலும் வெளிச்சம் ஒரே அளவில் குறையும், மீத்தேன் இருந்தால் அந்த ஒரு கோட்டில் மட்டும் குழி விழும். தூசியையும் வாயுவையும் கருவி குழப்பிக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். இந்த முறையில் என்னைக் கவர்ந்ததும் இந்தச் சுத்தம்தான்.

அளவுகளையும் பாருங்கள். காற்றில் நூற்றுக்கு 1 பங்கு மீத்தேன் இருந்தால், 10 சென்டிமீட்டர் இடைவெளியில் அந்தக் கோட்டில் வெளிச்சம் சுமார் 4 சதவீதம் குறையும். எளிதாகப் பிடித்துவிடலாம். அதே மீத்தேன் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால், ஒரு முழு மீட்டர் தாண்டினாலும் லட்சத்தில் நாலைந்து பங்குதான் குறையும். இதை நேரடியாகப் பார்க்க முடியாது, லேசரிலேயே அதைவிடப் பெரிய ஆட்டம் இருக்கும். அதனால் அலைநீளத்தை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கவிட்டு, அந்த வேகத்துக்கு இரண்டு மடங்கில் வரும் துடிப்பை மட்டும் கருவி தேடி எடுக்கிறது. சித்திரைத் திருவிழா இரவில் தல்லாகுளத்தில் எத்தனை மேளம் அடித்தாலும் நம்ம ஊர் உறுமியின் தாளத்தைக் காது தனியாகப் பிடித்துக்கொள்ளும் இல்லையா, அது மாதிரி.

வெளிச்சம் போகும் வழியை நீளமாக்குவதும் ஒரு வழி. எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு நடுவே பல தடவை ஓடவிடலாம், அல்லது நடுவில் துளை உள்ள ஃபைபரை எடுத்து அந்தத் துளைக்குள்ளேயே வாயுவையும் வெளிச்சத்தையும் சேர்த்து விடலாம். இரண்டாவதில் உண்மையிலேயே ஃபைபருக்குள் சந்திப்பு நடக்கிறது. ஆனால் முடியளவு துளைக்குள் வாயு மெல்ல மெல்லத்தான் நுழையும், அவசர எச்சரிக்கைக்கு அது பொருந்தாது.

*எங்கள் தெருவில் புதைத்திருக்கும் ஃபைபர் கேபிளே வாயுக் கசிவைக் கண்டுபிடிக்குமா? (திருநகரிலிருந்து, கேபிள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்)*

வாயுவை அறியாது ஐயா, சூட்டையும் அதிர்வையும் அறியும். கண்ணாடிக்குள் போகும் வெளிச்சத்தில் ஒரு துளி திரும்பிச் சிதறும், அதிலும் கொஞ்சம் நிறம் மாறித் திரும்பும். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28-ல் கண்ட விளைவு இதுதான். நிறம் மாறிய இரண்டு பகுதிகளின் விகிதத்தை வைத்து அந்த இடத்தின் வெப்பநிலையைச் சொல்லலாம், திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து எந்த இடம் என்பதையும் சொல்லலாம். கண்ணாடிக்குள் ஒளி ஒரு நானோநொடியில் 20 சென்டிமீட்டர் போகும், ஒரு மீட்டர் போய்த் திரும்ப 10 நானோநொடி. அழுத்தம் அதிகமுள்ள பெரிய குழாய் கசிந்தால் வெளியேறும் வாயு விரிந்து குளிரும், பக்கத்தில் படுத்திருக்கும் ஃபைபர் அந்தக் குளிர்ச்சியை உணரும். வீட்டுக்கு வரும் சின்னக் குழாயின் மெல்லிய கசிவுக்கு இது உதவாது.

நீங்கள் பார்த்த வேலைக்கும் இதற்கும் இன்னொரு உறவு உண்டு. கண்ணாடியைச் சுத்தமாகச் செய்தால் ஒளியைத் தூரமாக அனுப்பலாம் என்று சார்லஸ் காவோ 1966-ல் கணக்குப் போட்டுச் சொன்னார், 2009-ல் நோபல் கிடைத்தது. இன்றைய ஃபைபரில் 1550 நானோமீட்டரில் ஒரு கிலோமீட்டருக்கு 5 சதவீதம்கூட ஒளி குறைவதில்லை. மீத்தேனின் 1653-ம் அதற்குப் பக்கத்திலேயே இருப்பது பெரிய கொடுப்பினை. உங்கள் துறைக்காகச் செய்த லேசரையும் கேபிளையும் கொஞ்சம் மாற்றி வாயு அளக்க எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் 1980-களிலேயே கிலோமீட்டர் கணக்கில் ஃபைபர் இழுத்து மீத்தேனை அளந்து பார்த்துவிட்டார்கள். மீத்தேன் 3.3 மைக்ரோமீட்டரிலும் கார்பன் டையாக்சைடு 4.3-லும் இன்னும் பல மடங்கு பலமாக விழுங்கும், ஆனால் சாதாரணக் கண்ணாடி இழை அந்த ஒளியை உள்ளேயே விடாது. அதனால் பலம் குறைந்த கோட்டை வைத்துச் சமாளிக்கிறோம்.

*சமையலறைக்கு லேசர் சென்சார் வாங்கலாமா? (செல்லூர் வாசகி)*

வேண்டாம் அம்மா. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். மீத்தேனைப் போலக் கூர்மையான கோடு அவற்றுக்கு இல்லை, அகலமாகப் பரந்து விழுங்கும், லேசரின் நன்மையே அங்கே போய்விடுகிறது. கடையில் விற்கும் சாதாரண எரிவாயு அலாரம் போதும். சுவரில் கீழே, தரையிலிருந்து ஓர் அடிக்குள் மாட்டுங்கள், சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் பரவும். குழாய் வழி இயற்கை எரிவாயு வைத்திருக்கும் வீட்டில் அதை நேர்மாறாக, கூரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும், மீத்தேன் மேலே போகும். தாளிக்கும் ஆவிக்கும் சானிடைசர் வாடைக்கும் சில அலாரம் வீணாகக் கத்தும், அதற்காகக் கழற்றி வைத்துவிடாதீர்கள். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு சிலிண்டர் வாயு கலந்தாலே தீப்பிடிக்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள்.

*என் அண்ணன் பாதாளச் சாக்கடை வேலைக்கு ஒப்பந்தத்தில் போகிறார். நீங்கள் எழுதும் கருவியெல்லாம் அவர் உயிரைக் காப்பாற்றுமா? (அவனியாபுரத்திலிருந்து ஒரு சகோதரி)*

இந்த மடலைப் படித்துவிட்டு மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்தேன். நேராகவே சொல்கிறேன் அம்மா. ஆளை உள்ளே இறக்குவதுதான் தப்பு. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013-ம் வருடச் சட்டம் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் இந்த முறையையே ஒழிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இருந்தும் சாவு நிற்கவில்லை. நம்ம மதுரையிலேயே 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் பக்கம் கழிவுநீர் நிலையத்தில் மூன்று தொழிலாளர்கள் விஷவாயுவில் செத்துப்போனார்கள்.

கொல்வதில் முதல் ஆள் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை வாடை. 1 பிபிஎம்முக்குக் கீழேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், அதனால் 'வாடை இருந்தால் ஏறிவிடலாம்' என்று அனுபவஸ்தர்களே நம்புகிறார்கள். ஆனால் 100 பிபிஎம் வந்தால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும், வாடை குறைந்த மாதிரி இருக்கும், உண்மையில் வாயு கூடிக்கொண்டிருக்கும். 500, 700-க்குப் போனால் ஐந்து நிமிடத்தில் ஆள் சரிந்துவிடுவார். 1000-க்கு மேல் ஓரிரண்டு மூச்சிலேயே முடிந்துபோகலாம். அவரைத் தூக்க இறங்குபவரும் அப்படியே விழுவார், ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் சாவதற்கு இதுதான் காரணம். இன்னொன்று: மூடியைத் திறந்து அளந்தபோது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அடியில் உறைந்த சகதியை மண்வெட்டியால் கிளறியதும் அதற்குள் அடைபட்ட வாயு மொத்தமாக வெளியே வரும். இறங்கும் முன் ஒரு தடவை அளந்தால் போதாது, வேலை முடியும் வரை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

லேசர் ஃபைபர் இங்கே என்ன செய்யும்? நீரேற்று நிலையத்தின் கிணற்றுக்குள் நிரந்தரமாக ஒரு முனையைத் தொங்கவிட்டு, மேலே அறையில் நாளெல்லாம் பார்க்கலாம். சாக்கடை வாயு செம்புக் கம்பியையும் மின்னணுப் பலகையையும் அரித்துவிடும், கண்ணாடியை ஒன்றும் செய்யாது. மீத்தேன் தேங்கியிருந்தாலும் தீப்பொறிப் பயம் இல்லை. குறைகளும் உண்டு. லென்ஸில் ஈரம் பனித்துவிடும், அதற்கு ஏற்பாடு தேவை. ஹைட்ரஜன் சல்ஃபைடின் கோடு 1.58 மைக்ரோமீட்டர் பக்கம் ரொம்பப் பலவீனம், சில பிபிஎம் அளக்க விரல் நீளக் குழாய் போதாது.

அதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. 1880-ல் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல், விட்டு விட்டு விழும் ஒளி ஒரு பொருளில் சத்தம் எழுப்புவதைக் கண்டார். வாயு ஒளியை விழுங்கிச் சூடாகி விரியும், விட்டதும் சுருங்கும், அதுதான் சத்தம். கைக்கடிகாரத்தில் நொடிக்கு 32,768 தடவை துடிக்கும் குவார்ட்ஸ் கவை (இரண்டு கால் உள்ள குட்டி முள்கரண்டி மாதிரி) ஒன்று உண்டு, நெல்மணி அளவுதான் இருக்கும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2002-ல் அதன் இரண்டு கால்களுக்கு நடுவே லேசரை விட்டு, வாயு எழுப்பும் அந்த மெல்லிய சத்தத்தைக் கவையே கேட்கும்படி செய்தார்கள். வெளிச்சம் எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்காமல் வாயு எவ்வளவு சத்தம் போடுகிறது என்று கேட்பதால், சின்ன இடத்திலேயே சின்ன அளவையும் பிடிக்க முடிகிறது.

ஆனால் உங்கள் அண்ணனுக்கு இன்றைக்கு வேண்டியது இதுவும் இல்லை. ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நான்கையும் சேர்த்து அளக்கும் கையடக்கக் கருவி சந்தையில் இருக்கிறது, சட்டைப் பைக்கு மேல் மாட்டிக்கொள்ளலாம். ஒப்பந்தக்காரரிடம் அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 'இல்லை, இறங்கு' என்றால் இறங்க மறுக்க அவருக்குச் சட்டத்தில் முழு உரிமை உண்டு. மறுத்தால் நாளைக்கு வேலை இருக்காதே என்ற பயம் எனக்கும் புரிகிறது, அதனால்தான் இது தனி ஆளின் தைரியத்தில் விடக்கூடிய விஷயம் இல்லை என்கிறேன். அடைப்பெடுக்கும் இயந்திரம் போக முடிந்த இடத்துக்கெல்லாம் இயந்திரம்தான் போக வேண்டும்.

*பழைய கிணற்றில் தூர் வாரும் முன் சூடம் கொளுத்தி வாளியில் இறக்கிப் பார்ப்போம். அணையவில்லை என்றால் இறங்குவோம். இது போதாதா? (திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து விவசாயி)*

போதாது ஐயா. ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகுதான் தீ அணையும். வெளிக்காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது, 19.5-க்குக் கீழே போனாலே ஆளை இறக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி, அந்த அளவில் சூடம் ஜம்மென்று எரியும். ஆளைக் கொல்லும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் எரியும். மீத்தேன் இருந்தால் அந்தச் சூடமே வெடி வைத்த மாதிரி ஆகிவிடும். 1815-ல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கத்துக்குச் செய்த விளக்குகூட, தீயைச் சுற்றிக் கம்பி வலை போட்ட பிறகுதான் உள்ளே போனது.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எந்த எஞ்சினையும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். அதன் புகை வெளியேற வழி இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எஞ்சினை மேலே வைத்து, குழாயை மட்டும் கீழே விடுங்கள்.

*நெல் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது என்கிறார்களே, அதையும் லேசரால் அளப்பார்களா? எங்களைக் குற்றவாளி ஆக்கவா? (மேலூரிலிருந்து பெரியாறு பாசன விவசாயி)*

உங்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் ஆக்சிஜன் போகாது, அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும், அது பெரும்பாலும் நெல் தாளின் வழியாகவே மேலே ஏறி வரும். அளப்பது உண்மைதான். நாற்றுக்கு மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே கூடும் வாயுவை நேரம் பார்த்து அளப்பது ஒன்று. வயலோரம் கம்பம் நட்டு, திறந்த காற்றில் லேசரைக் கண்ணாடிகளுக்கிடையே ஓடவிட்டு, காற்றின் சுழற்சியையும் சேர்த்து அளப்பது இன்னொன்று. வெளிக்காற்றில் மீத்தேன் 2 பிபிஎம்முக்குச் சற்றுக் குறைவுதான், தொழிற்சாலைக் காலத்துக்கு முன் 0.7 பக்கம் இருந்தது. இவ்வளவு சின்ன அளவில் நடக்கும் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க லேசரை விட்டால் வேறு நல்ல வழி குறைவு. 2017 அக்டோபரில் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோள் மேலிருந்தும் பார்க்கிறது, ஆனால் அதன் கண்ணுக்குப் பல கிலோமீட்டர் சேர்ந்து ஒரு புள்ளி, உங்கள் வயல் தனியாகத் தெரியாது.

உங்களுக்குப் பயன்படும் சேதி: காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் பாதியளவு வரைகூடக் குறையும், தண்ணீரும் மிச்சம். வைகையில் தண்ணீர் வரத்து நம்ப முடியாத வருடங்களில் பலர் வேறு வழியில்லாமல் இதைத்தான் செய்கிறார்கள். துளை போட்ட ஒரு பிவிசி குழாயை வயலில் புதைத்து உள்ளே தண்ணீர் மட்டம் பார்த்துக்கொண்டால் பயமில்லாமல் காயப்போடலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிட வேண்டாம்.

*வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குப் பக்கம் ஒரு கருவியைத் துப்பாக்கி மாதிரி நீட்டி அளப்பதைக் காணொளியில் பார்த்த மாதிரி இருந்தது. அதில் 'பிபிஎம் மீட்டர்' என்று வருகிறதே, அது என்ன? (வில்லாபுரம் வாசகர்)*

அதுவும் அதே 1653 நானோமீட்டர் லேசர்தான், ஃபைபருக்குப் பதில் காற்றிலேயே அனுப்பி, குப்பை மேட்டில் பட்டுச் சிதறித் திரும்பும் ஒளியைப் பிடிக்கிறது. வழியில் மீத்தேன் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, மொத்தமாக எவ்வளவு தாண்டினோம் என்றுதான் தெரியும். 100 பிபிஎம் மீட்டர் என்றால் ஒரு மீட்டருக்கு 100 பிபிஎம்மாகவும் இருக்கலாம், பத்து மீட்டருக்கு 10 பிபிஎம்மாகவும் இருக்கலாம். ஆகவே அந்த எண்ணைப் பார்த்து மட்டும் பயப்படவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது. எந்த மூலையில் கூடுகிறது என்று தேடத்தான் அது நல்லது. மக்கும் குப்பை மேட்டிலிருந்து வரும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன், கோடையில் கிடங்கு தீப்பிடித்தால் அணைக்க நாள்கணக்கில் ஆவதில் அதற்கும் பங்கு உண்டு.

*கல்லூரி புராஜெக்டுக்கு இதைச் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது? (திருப்பரங்குன்றத்திலிருந்து பொறியியல் மாணவி)*

லேசரில் தொடங்காதீர்கள். முதலில் ஒரு சாதாரண கார்பன் டையாக்சைடு சென்சாரை வாங்கி, ஜன்னல் மூடிய வகுப்பறையில் ஒரு பாட வேளை வைத்துப் பாருங்கள். வெளியே 420 பிபிஎம்முக்குச் சற்று மேலே இருப்பது உள்ளே ஆயிரத்தைத் தாண்டும். அந்தச் சென்சாரில் ஒரு குட்டி விளக்கும் 4.26 மைக்ரோமீட்டருக்கு வடிகட்டியும்தான் இருக்கும், ஆனால் லேசர் கருவியில் வரும் அதே விழுங்கல் விதி. விளக்கிலிருந்து லேசருக்குப் போனால் என்ன கூடுகிறது என்பது அப்போது கைக்கே தெரியும்.

அடுத்ததாக, ஆய்வுக்கூடத்தில் மட்டும், அசிட்டிலீன். 1530 நானோமீட்டர் லேசர் தொலைத்தொடர்பில் புழங்குவதால் ஒப்பீட்டில் எளிதாகக் கிடைக்கும், கோடும் நல்ல பலம். வெல்டிங் கடை சிலிண்டர் பக்கம் போகவே வேண்டாம், காற்றில் 2.5 சதவீதத்திலேயே வெடிக்கும். சின்னக் கண்ணாடிக் குழலில் அடைத்து விற்கும் வாயுவைக் கேளுங்கள். லேசரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் அலைநீளம் சுமார் 0.1 நானோமீட்டர் நகர்ந்துவிடும், வாயுக்கோடோ அதைவிட மெல்லிசு, அதனால் வெப்பநிலையைக் கட்டிப்போடும் சர்க்யூட்டில்தான் உங்கள் பாதி உழைப்பு போகும். இணைப்பான்களில் பச்சை நிறத் தலை உள்ளதாக வாங்குங்கள், அதன் முனையை 8 டிகிரி சாய்த்துத் தேய்த்திருப்பார்கள், திரும்பி வரும் எதிரொளி கோட்டின் மேல் அலையடித்துக் கெடுக்காமல் இருக்கும். ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

மேற்படிப்பு என்றால் கொச்சி பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஃபோட்டானிக்ஸ் பள்ளி, சென்னை ஐஐடி இரண்டையும் பாருங்கள். ஃபைபரையே இழுத்துச் செய்வதைக் கற்க வேண்டுமென்றால் கொல்கத்தாவில் உள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம்.